‘பிளைன்’ என்று ரிப்போர்ட் வந்தால்

குன்னூர் ஏலத்துக்குப் போகிற டீத்தூளைப் பற்றி வருகிற டேஸ்டிங் ரிப்போர்ட்டில் என் கண்ணில் அதிகம் படுகிற வார்த்தை ‘பிளைன்’. நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன், அதாவது சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிற ஃபேக்டரி. வீட்டிலும் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அதனால் இந்த வார்த்தை இலை கொடுக்கிறவர் காதில் எப்படி விழும், தூள் விற்கிறவர் காதில் எப்படி விழும் என்று இரண்டு பக்கமும் தெரியும். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும், விலையைப் பார்த்து மனசு விட்டுப்போகிற விவசாயிகளுக்கும், மலைக்கு வந்து டீ வாங்கிப் போய் ‘சுமார்தான்’ என்று சொல்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிளைன் என்றால் கெட்டுப்போன டீ என்று அர்த்தம் கிடையாது. புகை வாடை அடிக்காது, கருகியிருக்காது, பூஞ்சை பிடித்திருக்காது. குடித்தால் டீதான். ஆனால் நிறம், திடம், மணம், நாக்கைச் சுண்டுகிற அந்த விறுவிறுப்பு என்று எதையுமே எடுத்துச் சொல்ல முடியாது. டீயிடம் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். வாராவாரம் ஏல நிலவரம் சொல்லும்போது பிளைன் ரகம் இந்த விலை, மீடியம் இந்த விலை, நல்ல பிரைட் லிக்கர் (லிக்கர் என்றால் வடித்த டீத் தண்ணீர்) இந்த விலை என்று பிரித்துத்தான் சொல்வார்கள். ஆக ரிப்போர்ட்டில் அந்த ஒரு வார்த்தை விழுந்தவுடனேயே விலையில் பாதி முடிவாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குன்னூரில் ஏலம் 1963இல் தொடங்கியது. இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது, வாங்குகிறவர் எந்த ஊரில் உட்கார்ந்தும் விலை கேட்கலாம். ஆனால் டீயைத் திரையில் குடிக்க முடியாதே. ஏலத்துக்கு முன்னாலேயே சாம்பிள் போகும், புரோக்கர் பக்கமும் வாங்குகிறவர் பக்கமும் ருசி பார்ப்பார்கள், குறிப்பு எழுதுவார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் பறித்த இலை, இரவெல்லாம் ஓடிய மெஷின், இத்தனையும் கடைசியில் யாரோ ஒருவர் நோட்டில் எழுதுகிற ஒன்றிரண்டு ஆங்கில வார்த்தையில் வந்து நிற்கிறது. அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளாமல் இந்தத் தொழிலில் இருப்பது கஷ்டம்.

டேஸ்டிங் ரூமைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னலோரம் நீளமான மேஜை இருக்கும். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்தில் ஒன்றாக விற்கிற ஒவ்வொரு தூள் தொகுதிக்கும், ஒரு சின்ன டப்பாவில் காய்ந்த தூள், அதற்கு முன்னால் மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் பாட், அதற்கு முன்னால் கைப்பிடி இல்லாத வெள்ளைக் கிண்ணம். தூளை நிறுத்துத்தான் போடுவார்கள், கண்ணளவு கிடையாது. ஐஎஸ்ஓ 3103 என்று இதற்கென்றே 1980இல் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள்: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கிற தண்ணீர், 6 நிமிடம். நம் டிரேடில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஒரு வரிசையில் இருக்கிற எல்லாக் கிண்ணத்துக்கும் அதே அளவு, அதே தண்ணீர், அதே நேரம். நேரம் முடிந்ததும் பாட்டைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வடிப்பார்கள், மூடியைத் திருப்பிப் பிடித்து வெந்த இலையை அதில் தட்டி வைப்பார்கள். இந்த வெந்த இலைதான் இன்ஃப்யூஷன். நல்ல டீயில் அது விளக்கி வைத்த செம்புச் சொம்பின் நிறத்தில் இருக்கும். பச்சை தட்டினால் ஒரு குறை, கருத்துக் கிடந்தால் வேறு குறை. ஆக மூன்று இடத்தில் பார்க்கிறார்கள், காய்ந்த தூள், வெந்த இலை, கிண்ணத்துத் தண்ணீர். வாயில் வைப்பதற்கு முன்னாலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சிடிசி டீ, அதாவது பல் வைத்த ரோலரில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்கிற குருணை டீ என்றால் பால் ஊற்றியும் பார்ப்பார்கள், நம் ஆட்கள் குடிப்பது பால் டீதானே. பிரைட்டான டீயில் பால் விழுந்தால் ஆரஞ்சும் பொன்னும் கலந்த நிறம் எழும்பும். டல் டீயில் அதே பால் சாம்பல் தட்டின பழுப்பாகக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பால் ஊற்றாத கிண்ணத்தை அப்படியே ஆறவிட்டால் நல்ல டீ மேலே கலங்கி ஆடை படிந்ததுபோல் ஆகும், கிரீம் ஆகுது என்போம். டீயிலிருக்கிற காஃபீனும், இலை பதப்படும்போது உண்டாகிற தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற பொருட்களும் ஆறும்போது ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதால் வருவது அது. தியாஃபிளேவின்தான் பிரைட்னஸையும் விறுவிறுப்பையும் தருகிறது, தியாருபிஜின் நிறத்தையும் திடத்தையும். பிளைன் டீ ஆறினாலும் தெளிந்தே நிற்கும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நாக்கை நம்புவதற்கு முன்னால் இந்த ஆறின கிண்ணத்தைப் பார்க்கச் சொல்வேன். நாக்குப் பழக வருஷம் ஆகும், கண்ணுக்கு ஒரு வாரம் போதும்.

அப்புறம் வார்த்தைகள். இந்தத் தொழிலில் குறை சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் ஃபேக்டரியில் ஒரு இடத்தைக் காட்டுகிறது. அதுதான் இதன் அழகு. ‘ரா’, ‘கிரீன்’, ‘ஹார்ஷ்’ என்று வந்தால் இலை சரியாக வாடவில்லை, அல்லது ஃபெர்மெண்டேஷன், அதாவது நசுங்கின இலை காற்றுப் பட்டு நிறம் மாறுகிற வேலை, பத்தவில்லை. பறித்த இலையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர், சிடிசிக்கு விடும் முன் அது 70 சதவீதம் பக்கம் வர வேண்டும். மழை நாளில் இலை மேலேயே தண்ணீர் நிற்கும்போது இலையை வாடப் போடுகிற தொட்டியான டிரஃபில் எவ்வளவு காற்று விட்டாலும் நேரம் பிடிக்கும், வண்டி வண்டியாக இலை வந்து நிற்கிறதே என்று அவசரப்பட்டால் கிண்ணத்தில் பச்சை வாடை வந்துவிடும். ‘தின்’ என்று வந்தால் பெரும்பாலும் இதற்கு நேரெதிர், வறண்ட காற்றில் இலை அதிகமாக வாடிவிட்டது, அல்லது சிடிசி ரோலரின் பல் மழுங்கி இலை சரியாக நசுங்கவில்லை. ‘சாஃப்ட்’ என்றால் ஃபெர்மெண்டேஷன் நேரம் தாண்டிவிட்டது. ‘ஸ்டூவ்டு’ என்றால் டிரையரில் சூடு பத்தாமல், அல்லது அளவுக்கு மேல் இலை விட்டு, ஈரத்தோடு வெந்துபோயிருக்கிறது. ‘பேக்கி’, ‘ஹை ஃபயர்டு’ என்றால் சூடு மிஞ்சிவிட்டது. ‘ஃபிளாட்’ என்றால் பழசு, அல்லது கோடவுனில் ஈரம் ஏறிவிட்டது. டிரையரை விட்டு வரும்போது 3 சதவீதம் ஈரம் இருக்க வேண்டிய தூள், மழைக்காலக் கோடவுனில் மூட்டை சரியாகக் கட்டாமல் கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே போகும். ‘கோர்ஸ்’ என்றால் முற்றின இலை. காய்ந்த தூளில் ‘கிரே’ என்று எழுதினால் சலிக்கும்போது அதிகமாக உரசி மேல் பளபளப்புப் போய்விட்டது என்று அர்த்தம். சலிக்கிற இடத்தில் நிற்கிறவருக்கு நேராகப் போய்ச் சேர வேண்டிய வார்த்தை அது.

இதில் பிளைன் மட்டும் எந்த மெஷினையும் காட்டாது. அதனால்தான் அது வந்தால் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. ஸ்டூவ்டு என்று வந்தால் டிரையர்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம், பிளைனுக்கு யாரைக் கூப்பிடுவது? மேஸ்திரி இலையைச் சொல்வார், இலை ஏஜெண்ட் மெஷினைச் சொல்வார், முதலாளி புரோக்கரைச் சொல்வார். நான் பார்த்தவரைக்கும் தொடர்ந்து பிளைன் வருகிறதென்றால் அந்தக் குறை பெரும்பாலும் ஃபேக்டரி கேட்டைத் தாண்டி உள்ளே வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். இலையில் இல்லாததை எந்த மெஷினாலும் உண்டாக்க முடியாது. இருப்பதைக் கெடுக்காமல் தூளாக்குவதுதான் ஃபேக்டரியின் வேலை.

ஒரு மழை சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். வாராவாரம் ரிப்போர்ட் பிளைன், பிளைன் என்றே வந்துகொண்டிருந்தது. லாட் விற்காமல் திரும்புவதும் நடந்தது. முதலாளி கோபத்தில், “நம்ம டீயக் கண்டாலே அவங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருது போல” என்றார். எங்கள் டீ மேக்கர் வயதில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அவர் வாக்குவாதத்துக்கே போகவில்லை. புரோக்கர் ஆபீசுக்கு போன் போட்டு, “சார், பிளைன்னு எழுதியிருக்கீங்க, சரிங்க. இன்ஃப்யூஷன் எப்படி இருந்துச்சுங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கமிருந்து, டல்லாக இருக்கிறது, அங்கங்கே கருத்தும் கிடக்கிறது, எல்லா லாட்டும் ஒரே மாதிரி இல்லை என்று பதில் வந்தது. அண்ணனுக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசித் துண்டு. எல்லா லாட்டும் ஒரே மாதிரி இல்லையென்றால் அது புரோக்கரின் மனசில் இருக்கிற குறை இல்லை, எங்களிடம்தான் ஏதோ ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் வேறுபடுகிறது.

ஃபேக்டரியில் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும், அதாவது ஒரே எண் போட்டு அனுப்புகிற ஒவ்வொரு தூள் தொகுதிக்கும், சாம்பிள் எடுத்து வைத்திருப்போம். அதையெல்லாம் வரிசையாக எடுத்து, எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த வண்டி இலை என்று சீட்டு ஒட்டி எங்கள் சின்ன டேஸ்டிங் மேஜையில் வடித்துப் பார்த்தோம். பகல் வண்டி இலையில் ஆன தூள் மீடியத்துக்குக் கொஞ்சம் கீழே, மோசமில்லை. கடைசி வண்டி இலையில் ஆனதுதான் படுத்துக் கிடந்தது. மெஷின் அதே, ஆள் அதே, சூடும் அதே. அப்போது இலை வருகிற வழியில்தான் என்னவோ நடக்கிறது.

மறுநாள் சாயங்காலம் இலை சேர்க்கிற ஷெட்டுக்குப் போனேன். மழைக்கு மேலே தார்ப்பாய் போட்டு சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் பறித்த இலையும் அதில் இருந்தது, வண்டி இருட்டின பிறகுதான் வரும். அடியில் இருந்த ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டேன். வெளியே விரல் விறைக்கிற குளிர், உள்ளே சூடு, நிஜமாகவே சூடு. ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தால் இலையின் ஓரமும் காம்பும் செம்பழுப்பாக மாறியிருந்தது, லேசாக இனிப்பு கலந்த புளிச்ச வாடை வேறு. அமுக்கிக் கட்டின இலை நசுங்கினால், நசுங்கின இடத்தில் காற்றுப் பட்டு டீயாக மாறுகிற வேலை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பறித்த இலை மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஆகும். ஃபேக்டரியில் நாங்கள் குளிர்ச்சியாக வைத்து நிமிடம் பார்த்துச் செய்கிற காரியம் சாக்குக்குள் மணிக்கணக்கில், சூட்டில், கண்டபடி நடந்து முடிந்துவிடுகிறது. பிரைட்னஸ் தருகிற தியாஃபிளேவின் அப்படிப்பட்ட இலையில் எங்கிருந்து வரும்?

செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. காற்றுப் போகிற வலைப் பை கொடுத்தோம், பையைக் காலால் மிதித்து அமுக்க வேண்டாம், அதன் மேல் உட்கார வேண்டாம் என்று சொன்னோம், ஷெட்டில் அடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொன்னோம். கஷ்டமாக இருந்தது மத்தியானம் இன்னொரு நடை வண்டி விடுவதுதான். டீசல் செலவு, டிரைவர் கூலி என்று முதலாளி யோசித்தார், அதில் நியாயமும் இருந்தது. ஒரு லைனுக்கு, அதாவது வண்டி இலை எடுக்கிற ஒரு வழிக்கு, மட்டும் விட்டுப் பார்க்கலாம், அந்த லைன் இலையைத் தனியாக ஓட்டித் தனி இன்வாய்ஸ் போடலாம் என்று அண்ணன் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். அந்த இன்வாய்ஸுக்கு வந்த ரிப்போர்ட்டில் பிளைன் இல்லை, ‘ஃபெய்ர்லி பிரைட்’ என்று இருந்தது. விலை வானத்துக்கு ஏறவில்லை, மழைக்கால இலை மழைக்கால இலைதான். ஆனால் லாட் திரும்பி வருவது நின்றது. ஃபேக்டரிக்கு அது பெரிய நிம்மதி.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரு பழக்கம், பிளைன் என்று சொன்னால் கூட இன்னொரு வார்த்தை கேட்பது. பிளைன் அண்டு தின்னா, பிளைன் அண்டு டல்லா, பிளைன் அண்டு கோர்ஸா? அந்த இரண்டாவது வார்த்தையில்தான் வழி இருக்கும். நல்ல டேஸ்டர் யாரும் கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டார், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். ‘ஏன் இப்படிப் போட்டீங்க’ என்று ஆரம்பித்தால் அவர் தன் வார்த்தையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். ‘இன்ஃப்யூஷன் எப்படிங்க, பால்ல எப்படி நின்னுச்சுங்க’ என்று கேட்டால் நோட்டைப் புரட்டிச் சொல்வார்.

விவசாயிகள் பக்கம் இது வேறு மாதிரி போய்ச் சேர்கிறது, இதைப் பற்றி நான் நிறையவே யோசித்திருக்கிறேன். எங்களுக்கு இலை கொடுக்கிற ஒரு அம்மா, வயதானவர், தன் தோட்டத்தில் தானே இறங்கிப் பறிப்பவர், ஒருநாள் எடை போடுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏன் தம்பி, எங்க டீ பிளைனாமே? காலைல பனியில நின்னு பறிக்கறது என்ன, சும்மா தண்ணியாட்டம் போச்சா?” குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். யாரோ ஏஜெண்ட், விலை ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “அம்மா, உங்க இலையத் தனியா யாரும் குடிச்சுப் பாக்கலைங்க. எத்தனையோ பேரு இலை ஒண்ணாச் சேர்ந்த தூளுக்கு வந்த பேருங்க அது” என்றேன். உண்மையும் அதுதான். அவர் கொண்டுவருகிற இலையை நான் தினமும் பார்க்கிறேன், இரண்டு இலை ஒரு மொட்டு, நகத்தால் கிள்ளினால் சட்டென்று ஒடியும். அதே டிரஃபில் கத்தரி போட்டு வெட்டின முற்றல் இலையும் காம்பும் சேர்ந்து விழுகிறது.

ஆனால் கத்தரி போடுகிறவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பறிக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இலை விலையில் பெரும்பங்கு கூலிக்கே போய்விடுகிறது. பறிக்கிற சுற்று தள்ளிப்போனால் இலை முற்றுகிறது, முற்றினால் கையால் பறிக்க முடியாது, கத்தரிதான். டீ போர்டு மாதாமாதம் சராசரி ஏல விலையை வைத்துப் பச்சை இலைக்கு ஒரு குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது. அந்தச் சராசரியில் அந்த அம்மாவின் கொழுந்தும் பக்கத்துத் தோட்டத்து முற்றலும் ஒன்றாகிவிடுகிறது. நல்ல இலைக்குக் கிலோவுக்குக் கூட ஒன்றிரண்டு ரூபாய் வைத்துக் கொடுக்காமல் ‘தரம், தரம்’ என்று கூட்டம் போட்டுப் பேசுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. சுமாராக நாலரைக் கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். ஆகவே தூளில் கிடைக்கிற கூடுதல் விலை இலையில் வரும்போது சின்னத் தொகையாகத்தான் இருக்கும், இருந்தாலும் அது தனியாகத் தெரிகிற மாதிரி கொடுக்க வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் அந்த மத்தியான வண்டி லைனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வலைப் பையைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதே இல்லாமல் போனது, அவர்களாகவே கேட்டு வாங்கிப் போனார்கள்.

எடை போடுகிற இடத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விவசாயியிடம் ‘பிளைன்’ என்று சொல்லாதே. அது தூளுக்கான வார்த்தை. இலையைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை இலையின் வார்த்தையில் சொல், முற்றல் அதிகம், ஓரம் சிவந்திருக்கு, மழைத் தண்ணி நிக்குது, காம்பு நீளம் என்று. அதைக் கேட்டால் அவர் நாளைக்கே ஏதாவது மாற்றிச் செய்ய முடியும். சாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே, இலையைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும், வரிசையில் நிற்கிற மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்லக் கூடாது. ஈரத்துக்கு எடை கழிக்கும்போதும் அப்படித்தான். எவ்வளவு கழிக்கிறோம், எதற்கு என்று சொல்லிவிட்டுக் கழித்தால் சண்டை வராது. நல்ல இலை வந்தால் அதையும் சொல்ல வேண்டும். குறை இருக்கும்போது மட்டும் வாயைத் திறக்கிறவன் பேச்சை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள்.

வார்த்தையின் கனத்தையும் பார்க்க வேண்டும். பிளைனுக்கும் ‘டெயின்டட்’டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். டெயின்டட் என்றால் வேறு ஏதோ வாடை ஏறிவிட்டது, அந்த லாட்டே சந்தேகத்துக்குரியது. எரிச்சலில் பெரிய வார்த்தையை எடுத்துச் சின்னக் குறைக்குப் போட்டால், நிஜமாகவே டீசல் வாடையோடு ஒரு மூட்டை வரும் நாளில் சொல்ல வார்த்தை மிச்சமிருக்காது.

இனி டூரிஸ்ட்டாக வந்து டீ வாங்கிப் போகிறவர்களுக்கு. ‘ஊட்டியில குடிச்சப்ப நல்லா இருந்துச்சு, வீட்டுல போட்டா சுமார்தான்’ என்று என் சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பெரும்பாலும் தூள்மேல் தப்பு இருக்காது. முதலில் தண்ணீர். இங்கே தண்ணீரில் உப்பு குறைவு. கீழே போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் அதே தூள் கருத்து, மேலே படலம் கட்டி, டல்லாக இருக்கும். கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டாவது சூடு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் கொதிப்பது 100 டிகிரி. இங்கே பழகின நேரத்துக்கு அங்கே கொதிக்கவிட்டால் துவர்ப்பு தூக்கலாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, எந்த டீ என்று பார்த்து வாங்குவது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் செடி மெதுவாக வளரும்போது வருகிற கொழுந்தில் ஆர்த்தடாக்ஸ் முறையில், அதாவது இலையை முறுக்கி உருட்டிச் செய்கிற டீக்கு நல்ல மணம் உண்டு, விலையும் அதிகம். அதை வாங்கிப் போய்ப் பாலில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, சர்க்கரை அள்ளிப் போட்டுக் குடித்துவிட்டு ‘ஒண்ணுமே இல்ல’ என்றால் அந்த டீ பாவம். அது பால் இல்லாமல், கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்துக் குடிக்க வேண்டியது. பால் டீதான் வேண்டும் என்றால் சிடிசியில் டஸ்ட் வாங்குங்கள். டஸ்ட் என்ற பெயரைப் பார்த்து அதைக் கூட்டிப் பெருக்கின தூள் என்று நினைக்கிறவர்கள் நிறைய, அது வெறும் அளவின் பெயர், சின்னத் துகள். சீக்கிரம் இறங்கும், திடமாக இருக்கும், நம் ஊர் டீக்கடைகளில் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் வைக்கிற இடம். டீத்தூள் பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். இங்கே கடைகளில் வர்க்கியும் நீலகிரித் தைலமும் டீத்தூளும் ஒரே அலமாரியில் இருக்கும், வாங்குகிறவர்களும் ஒரே பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோவார்கள். தைலம் கொஞ்சம் கசிந்தால் போதும், அந்தத் தூளைக் காப்பாற்ற முடியாது. தனியாகக் கட்டி எடுத்துப் போங்கள், வீட்டில் சோப்பு, கற்பூரம், மசாலா பக்கத்தில் வைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈர ஸ்பூனை உள்ளே விடாதீர்கள். மொத்தமாக வாங்கி வருஷம் முழுக்க வைத்துக் குடித்தால் அது ஃபிளாட் ஆகத்தான் செய்யும்.

வீட்டில் ருசி பார்த்துப் பழக ஆசை இருந்தால் ஒரு டீயைத் தனியாகக் குடித்து முடிவு சொல்லாதீர்கள், இரண்டு டீயைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரே அளவு வெள்ளைக் கப் இரண்டு, ஒரு சின்னத் தராசு, 100 மில்லிக்கு 2 கிராம், மூடி வைத்து 6 நிமிடம். சர்க்கரை வேண்டாம். முதலில் வெந்த இலையின் நிறம், பிறகு தண்ணீரின் நிறம், அப்புறம் ஒரு ஸ்பூன் எடுத்து நன்றாகச் சத்தம் வர உறிஞ்சுங்கள், உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்கு ஏறும். கடைசியில் இரண்டிலும் ஒரே அளவு பால் விட்டு நிறத்தைப் பாருங்கள். குறைவாகத் தோன்றுகிற டீக்கு ‘சுமார்’ என்று எழுதாமல், நிறமா, திடமா, மணமா, பழைய வாடையா என்று குறித்துக்கொண்டு வாங்கின கடையில் அதையே சொல்லுங்கள். இங்கே பல கடைக்காரர்களுக்கு எது எந்த ஃபேக்டரித் தூள் என்று தெரியும், பழைய வாடை என்று நீங்கள் சொன்னால் அவர் முதலில் தன் ஸ்டாக் தேதியைப் பார்ப்பார், திடமில்லை என்றால் அடுத்த முறை எங்களிடம் சொல்வார்.